சேவ்: சேர்த்து வைப்பதா, காப்பாற்றுவதா?

சொல் அறிவோம் – மாதம் ஒரு சொல்



அண்மையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கிளிவெட்டியில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிக்கொண்டிருந்த நேரம், சம்பூர்ப் பக்கத்திலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மா எனக்குக் கிட்ட வந்தார். கையில் ஒரு சின்னக் கைத்தொலைபேசி.

“புள்ள, இதில மகன்ட நம்பர ஒருக்கா சேவ் பண்ணித் தா.”

பதிந்து கொடுத்தேன். அதை வாங்கி இடுப்பில் செருகியவர் போகவில்லை. சிறிது யோசித்துவிட்டுக் கேட்டார்.

“இப்ப கூட்டத்தில சேவ் பண்ணுங்க, சேவ் பண்ணுங்க எண்டு காசப் பத்திச் சொன்னாங்க. போனிலயும் சேவ் எண்டுறம். நாங்க இங்க முகாமில இருக்கக்குள்ள நிவாரணம் கொண்டு வந்த வாகனத்திலயும் சேவ் எண்டுதான் எழுதிக் கிடந்ததாம், மகள் வாசிச்சுச் சொன்னவள். அதென்ன புள்ள, எல்லாத்துக்கும் ஒரே சொல்லு?”

நல்ல கேள்வி. அதனாலேயே இம்மாதச் சொல்லாக ‘சேவ்’ என்பதை எடுத்துக்கொள்கிறோம். நமது பேச்சில் நாளொன்றுக்குப் பத்துத் தடவையாவது இச்சொல் வந்து போகிறது. ஆனால் அதன் முழுப் பொருளை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சலூனில் ஆண்கள் ‘சேவ்’ எடுப்பது இந்தச் சொல் அல்ல. அது ‘ஷேவ்’. மழித்தல் என்று பொருள். ஆங்கில எழுத்தும் வேறு, உச்சரிப்பும் வேறு. நாம் இரண்டையும் ஒரே மாதிரிச் சொல்லிப் பழகிவிட்டோம்.

சொல் பிறந்த கதை

‘சேவ்’ என்ற சொல் இலத்தீன் மொழியிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இலத்தீனில் ‘சல்வுஸ்’ என்றால் சேதமில்லாத, முழுமையான, பத்திரமான என்று பொருள். நமக்குத் தெரிந்த ‘சர்வம்’ என்ற வடமொழிச் சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்த உறவுக்காரர் என்று மொழி ஆராய்ச்சியாளர் கூறுவர். சர்வமும் என்றால் முழுவதும் என்பதுதானே.

ஆகவே ‘சேவ்’ என்பதன் முதற்பொருள் காசு சேர்ப்பது அல்ல. ஆபத்திலிருந்து காப்பாற்றி, சேதமில்லாமல் வைத்திருப்பதே முதற்பொருள். ஆற்றில் விழுந்த பிள்ளையைத் தூக்கி எடுத்தால் அது ‘சேவ்’. காசைச் செலவழிந்து போகாமல் வைத்திருப்பது என்ற பொருள் அதிலிருந்து பிற்பாடு கிளைத்தது. இரும்புப் பெட்டியைக் குறிக்கும் ‘சேஃப்’, பாதுகாப்பைக் குறிக்கும் ‘சேஃப்டி’, மீட்பரைக் குறிக்கும் ‘சேவியர்’ ஆகிய யாவும் இந்தக் குடும்பத்துச் சொற்களே.

கீழே உள்ள இரண்டு வசனங்களையும் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.

ஷி சேவ்ட் த சைல்ட். – அவள் பிள்ளையைக் காப்பாற்றினாள்.
ஷி சேவ்ட் மணி ஃபோர் த சைல்ட். – அவள் பிள்ளைக்காகக் காசு சேமித்தாள்.

சொல் ஒன்றுதான். ஆபத்து முன்னால் நிற்கும்போது செய்வது முதலாவது. ஆபத்து வருமுன் செய்வது இரண்டாவது.

அந்த அம்மாவின் மகள் வாகனத்தில் வாசித்த பெயர் ‘சேவ் த சில்ரன்’ என்பதாக இருக்க வேண்டும். சிறுவரைக் காப்பாற்றுவோம் என்று பொருள். இந்த நிறுவனமும் ஒரு யுத்தத்தின் பின்னரே பிறந்தது. முதலாம் உலகப் போர் முடிந்த பின்பும் பிரித்தானியாவின் கடல் முற்றுகை நீடித்ததால் ஜேர்மனியிலும் ஒஸ்ரியாவிலும் பிள்ளைகள் உணவின்றி வாடினர். எதிரி நாட்டுப் பிள்ளைகளானாலும் பிள்ளைகள் பிள்ளைகளே என்று இலண்டனில் துண்டுப் பிரசுரம் கொடுத்த எக்லன்டைன் ஜெப் என்ற பெண் அதற்காகக் கைதாகி அபராதத் தண்டனையும் பெற்றார். அவரும் அவரது சகோதரி டொரதி பக்ஸ்டனும் 1919ஆம் ஆண்டில் இந்நிறுவனத்தை ஆரம்பித்தனர்.

நமது சொல்லும் அதையே சொல்கிறது

இனி நமது தமிழுக்கு வருவோம். ‘சேமிப்பு’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? ‘சேமம்’ என்பதிலிருந்து. ‘க்ஷேமம்’ என்ற வடமொழிச் சொல்லே தமிழில் சேமம் ஆயிற்று. நலம், பாதுகாப்பு என்று பொருள். அந்தக் காலத்துக் கடிதங்களை ஞாபகப்படுத்திப் பாருங்கள். “இங்கு யாவரும் சேமம், உங்கள் சேமத்தையும் அறிய ஆவல்” என்றுதான் தொடங்கும். கடிதம் வந்ததும் நாம் முதலில் தேடியதும் அந்த ஒரு சொல்லைத்தான். ‘சேமம்’ என்று இருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று நெஞ்சு ஆறும்.

கிறிஸ்தவ சகோதரிகள் கல்லறை நிலத்தைச் ‘சேமக்காலை’ என்பர். நமக்குரியவர்கள் பத்திரமாக இளைப்பாறும் இடம் அது. ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் நமது பிள்ளைகளின் சம்பளத் துண்டில் ‘ஊழியர் சேமலாப நிதி’ என்று ஒரு வரி இருக்கும். அங்கேயும் அதே சேமம்.

ஆக, எங்கேயோ இருக்கும் இலத்தீனும் நமது தமிழும் ஒன்றையொன்று கேளாமலே ஒரே கருத்துக்கு வந்திருக்கின்றன. பத்திரமாக இருப்பது முதல். சேர்த்து வைப்பது அதற்காக. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

எங்கெங்கே எப்படி வரும்?

தொலைபேசியில் ‘சேவ்’ என்றால் பதிந்து வை என்று பொருள். இலக்கம் அழிந்து போகாமல் காப்பது. கணினியிலும் அப்படியே. எழுதியதைச் ‘சேவ்’ செய்யாமல் மின்சாரம் நின்றால் எல்லாம் போய்விடும்.

வங்கியில் ‘சேவிங்ஸ் எக்கவுண்ட்’ என்றால் சேமிப்புக் கணக்கு. ‘ஐ வோன்ட் டு ஓப்பன் எ சேவிங்ஸ் எக்கவுண்ட்’ என்றால் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறக்க விரும்புகிறேன் என்று பொருள். ஆனால் எந்த வங்கியிலும் தமிழில் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. விண்ணப்பப் படிவம் விளங்காவிட்டால் கையொப்பம் இடாமல் விளக்கம் கேளுங்கள்.

மின்சாரப் பட்டியலிலும் விளம்பரத்திலும் ‘சேவ் எனர்ஜி’, ‘சேவ் வோட்டர்’ என்று வந்தால் வீண்விரயம் செய்யாதே என்று பொருள். ‘சேவ் டைம்’ என்றால் நேரத்தை மிச்சப்படுத்து.

கடையில் வரும் ‘சேவ்’ சற்றுக் கவனிக்க வேண்டியது. ‘சேவ் 500 ரூபா’ என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். 2,500 ரூபாச் சேலையை 2,000 ரூபாவுக்குத் தருகிறார்கள். 500 ரூபா மிச்சம் என்று நாம் நினைக்கிறோம். அந்தச் சேலை நமக்குத் தேவையில்லை என்றால் மிச்சமானது 500 அல்ல, செலவானது 2,000. இங்கே ‘சேவ்’ என்று சொல்பவர் செலவழிக்கும்படிதான் கேட்கிறார்.

இதற்கு அண்டையில் உள்ள வேறு சில சொற்களையும் அறிந்து வைப்போம்.

‘திரிஃப்ட்’ – சிக்கனம். இச்சொல் செழித்து வளர்தல் என்ற பொருளுள்ள ‘திரைவ்’ என்ற சொல்லோடு பிறந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘திரிஃப்ட்’ என்றால் செழிப்பு என்றே அர்த்தம். ‘சணச’ என்று நாம் அறிந்த சங்கங்களின் ஆங்கிலப் பெயரில் இந்தச் சொல் இருக்கிறது. தமிழில் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் என்பர்.

‘எக்கனமி’ – பொருளாதாரம். கிரேக்க மொழியில் வீட்டைப் பரிபாலித்தல் என்பதே இதன் மூலப் பொருள். நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போது நமக்கு அதில் என்ன தெரியும் என்று ஒதுங்க வேண்டாம். அச்சொல் நமது அடுப்படியிலிருந்து போனதுதான்.

‘மைசர்’ – கஞ்சன், உலோபி. இலத்தீனில் இதற்குப் பரிதாபத்துக்குரியவர் என்று பொருள். காசு இருந்தும் உண்ணாமல் உடுக்காமல் இருப்பவரைப் பார்த்து இரக்கப்பட்டு வைத்த பெயர்.

ஓடும்போது எடுத்தது என்ன?

கிளிவெட்டியில் சேமிப்பு என்பது புதிய பாடமல்ல. நெல் விளையும் ஊர். அல்லைக் குளத்து நீரை நம்பிப் பெரும்போகமும் சிறுபோகமும் செய்த குடும்பங்கள். எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கை வைக்கக் கூடாது என்பது நமது தாய்மாரின் கட்டளை. உலையில் போடக் கொத்தால் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடும் பிடியரிசி வழக்கமும் இருந்தது. அப்பானை விருந்தாளி வந்த நாளிலும் அடைமழை நாளிலும் வீட்டைக் காத்தது. வங்கி இல்லாத இடத்தில் அதுவே வங்கி.

பின்னர் யுத்தம் வந்தது. 1985இல் கிளிவெட்டியும் 1996 பெப்ரவரியில் பக்கத்துக் குமாரபுரமும் கண்ட உயிரிழப்புகளை இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை. இழந்தவர்கள் நம்மோடு இருக்கிறார்கள். 2006இல் மாவிலாறு அணையில் தொடங்கிய சண்டை மூதூர்ப் பிரதேசம் முழுவதையும் பெயர்த்தது. மூதூர் நகரத்து முஸ்லிம் சகோதரிகள் கந்தளாய்ப் பக்கம் போனார்கள். சம்பூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போயின. 2007இல் திரும்பக் கொண்டுவரப்பட்ட சம்பூர் மக்களுள் பலர் சொந்த நிலத்துக்குப் போக முடியாமல் கிளிவெட்டி, பட்டித்திடல், மணல்சேனை, கட்டைப்பறிச்சான் முகாம்களில் இருந்தனர். 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் சம்பூர்க் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. அதுவரை எட்டு ஒன்பது ஆண்டுகள் தகரக் கொட்டிலிலேயே போயின.

அந்த அம்மாவிடம் நான் கேட்டேன். ஓடும்போது என்ன எடுத்தீர்கள் அம்மா?

“என்னத்த எடுக்கிற? சின்னவன இடுப்பில, பெரியவள கையில. அடையாள அட்டையும் பிள்ளையள்ட பிறப்புப் பத்திரமும் ஒரு சொப்பிங் பேக்கில. வங்கிப் புத்தகம் முகட்டில செருகிக் கிடந்தது. அது வீட்டோட போயிற்று. விதைநெல்லு அஞ்சு மூடை. அதுவும் போயிற்று.”

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. பிள்ளைகள் இருவரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார். ‘சேவ்’ என்ற சொல்லின் முதற்பொருளை அவர் செய்து முடித்துவிட்டார். இரண்டாம் பொருளைத்தான் மீண்டும் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருந்தது.

முகாமிலும் தொடங்கினார்கள். நிவாரண அரிசியில் மிச்சம் பிடித்து விற்றார்கள். நாலு பேர் சேர்ந்து சீட்டுப் பிடித்தார்கள். வட்டி வேண்டாம் என்று நினைக்கும் முஸ்லிம் சகோதரிகளுக்கும் சீட்டு உகந்ததாக இருக்கிறது. போட்டதை முறை வரும்போது எடுப்பதுதான், அதற்கு மேல் இல்லை. ஆனால் சீட்டு நம்பிக்கையில் நிற்பது. எழுத்தில் ஒரு கொப்பியாவது இருக்க வேண்டும்.

யாரைக் காக்கிறது இந்தச் சேமிப்பு?

இப்போது முன்னர் மனதில் வைக்கச் சொன்னதை எடுப்போம். பத்திரமாக இருப்பது முதல், சேர்த்து வைப்பது அதற்காக. இந்த அளவுகோலைக் கொண்டு நமது சேமிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, வாயைக் கட்டிச் சேமிப்பது. வீட்டில் எல்லோரும் உண்டபின் சட்டியில் ஒட்டியதை உண்பவள் யார் என்று உங்களுக்குத் தெரியும். மீன் துண்டு கணவனுக்கும் பிள்ளைக்கும். அவளுக்குக் குழம்பு. மாதம் முடிய ஆயிரம் ரூபா மிச்சம். இரண்டு வருடம் கழித்து இரத்தச் சோகை, தலைச்சுற்று, ஆஸ்பத்திரிப் பயணம். குடும்பத்தில் உழைப்பவள் நீங்கள் ஒருவரே என்றால் உங்கள் உடம்புதான் அந்த வீட்டின் விதைநெல். அதை விற்றுச் சேமிப்பது சேமிப்பாகாது.

இரண்டாவது, கட்டாயச் சேமிப்பு. 1995இல் தொடங்கிய சமுர்த்தியில் நிவாரணத்தின் ஒரு பகுதி கட்டாயச் சேமிப்பாக வைக்கப்பட்டது. 2023இல் அஸ்வெசும கொடுப்பனவு வந்த பின்பும் அந்தப் பழைய சேமிப்பு உங்களுடையதே. புத்தகம் இருந்தால் சமுர்த்தி வங்கியில் காட்டி இருப்பு எவ்வளவு என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, கடனோடு வரும் சேமிப்பு. யுத்தம் 2009இல் முடிந்தபின் வடக்கு கிழக்குக் கிராமங்களுக்கு நுண்கடன் நிறுவனங்கள் வரிசையாக வந்தன. ஐந்து பேர் குழு, ஒருவருக்கு ஒருவர் பிணை, வாரத்துக்கு ஒரு தவணை. என் அயலில் ஒரு சகோதரி தையல் இயந்திரத்துக்கென்று கடன் எடுத்தார். வாரம் வந்தால் தவணையோடு சேமிப்பு என்றும் ஒரு தொகை. அந்தத் தவணையைக் கட்ட இன்னொரு இடத்தில் கடன், அதைக் கட்ட மூன்றாவது இடம். கையில் மூன்று சேமிப்புப் புத்தகங்கள் இருந்தன. மூன்றிலும் காசு இருந்தது. தோடு மட்டும் அடகில் போயிருந்தது. குழுவில் மற்ற நால்வரும் வாசலில் வந்து நின்றபோது அவர் பின்கதவால் வளவுக்குள் போய் மறைந்தார். இதைச் சேமிப்பு என்று யார் சொல்வார்?

இது ஒருவரின் கதை மட்டுமல்ல. 2018ஆம் ஆண்டில் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், தவணை கட்ட முடியாதிருந்த பெண்களின் 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. வடக்கு கிழக்கு மாவட்டங்களும் அவற்றுள் அடங்கின. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் நொந்த பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தனர். சிங்களக் கிராமத்துப் பெண்ணுக்கும் தமிழ்க் கிராமத்துப் பெண்ணுக்கும் இந்த வலி ஒன்றாகவே இருந்தது.

நான்காவது, வங்கியில் பத்திரமாக இருந்தும் தேய்ந்த சேமிப்பு. 2022இல் இந்நாடு கண்ட நெருக்கடி நினைவிருக்கும். மண்ணெண்ணெய்க்கு வரிசை, மருந்துக்குத் தட்டுப்பாடு. டொலர் ஒன்று 200 ரூபா அளவில் இருந்து சில மாதங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். விளங்கச் சொன்னால், முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் 170 ரூபா ஆயிற்று. சேமிப்புக் கணக்கின் வட்டி அதற்குக் கிட்டவும் வரவில்லை. புத்தகத்தில் இலக்கம் குறையவில்லை, ஆனால் அந்த இலக்கத்துக்குக் கிடைக்கும் அரிசி குறைந்துவிட்டது.

அதற்காக வங்கி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூரையில் செருகிய காசு நெருப்புக்கும் மழைக்கும் போகும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டாம் என்பதுதான் பாடம். கொஞ்சம் வங்கியில், கொஞ்சம் நெல்லாக, முடிந்தால் ஓர் ஆடோ நாலு கோழியோ. பிள்ளையின் படிப்பும் ஒரு வைப்புத்தான். அதை எந்த ஷெல்லும் எரிக்காது, ஓடும்போது சுமக்கவும் தேவையில்லை.

தொலைந்ததைத் தேடலாம்

இப்பகுதியை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கத் தெரியாத அயலவருக்கும் வாசித்துச் சொல்லுங்கள்.

1. வங்கிப் புத்தகம் தொலைந்தால் கணக்குத் தொலையாது. அடையாள அட்டையுடன் கணக்குத் திறந்த கிளைக்குப் போய்ப் பெயரையும் பழைய முகவரியையும் சொல்லிக் கேளுங்கள். தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கைத் தபாலகத்தில் திறந்திருந்தால் அந்தத் தபாலகத்தையும் ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள்.

2. பத்து ஆண்டுகள் கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கைக் கைவிடப்பட்ட சொத்தாகக் கருதி வங்கிகள் மத்திய வங்கிக்கு அறிவித்து ஒப்படைக்கும். அதன்பின்பும் உரியவரோ அவரது வாரிசோ தமது வங்கி மூலம் கோரிப் பெறலாம். எனவே 2006க்கு முன் வைத்த காசு என்று மனம் விட வேண்டாம்.

3. காணாமற்போனவரின் பெயரில் கணக்கோ காணியோ இருந்தால்: மரணப் பத்திரம் எடுக்க மனம் ஒப்பாத சகோதரிகள் பலர். அந்த மனத்தை நாங்கள் அறிவோம். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஒருவரைக் காணவில்லை என்பதை உறுதிப்படுத்தும் பத்திரம் வேறாக உண்டு. அவர் இறந்துவிட்டார் என்று அது சொல்லாது. குடும்பச் சொத்தைப் பராமரிக்கவும் உதவிகள் கோரவும் அது பயன்படும். எடுப்பதும் எடுக்காததும் உங்கள் முடிவு. பிரதேச செயலகத்தில் விளக்கம் கேட்கலாம்.

4. பிள்ளை தொழிற்சாலையிலோ கடையிலோ வேலை செய்தால் ஊழியர் சேமலாப நிதியில் பிள்ளையின் பங்கு 8 வீதமும் முதலாளியின் பங்கு 12 வீதமும் சேர வேண்டும். 1958ஆம் ஆண்டிலிருந்து இது சட்டம். சம்பளத்தில் 8 வீதம் வெட்டியிருந்தால் 12 வீதமும் போகிறதா என்று கேளுங்கள். பிரச்சினை என்றால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

5. சேமிப்பு என்று யாராவது வீட்டு வாசலில் காசு கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். உங்களுக்கு மத்திய வங்கி அனுமதி உண்டா, அல்லது கூட்டுறவுத் திணைக்களப் பதிவு உண்டா? நான் போட்டதை எப்போது எடுக்கலாம்? கடன் முடியாவிட்டால் இந்தச் சேமிப்புக்கு என்ன நடக்கும்? பதில் எழுத்தில் கிடைக்காவிட்டால் காசு கொடுக்க வேண்டாம்.

முடிவாக

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதைவிடச் சுருக்கம். “அம்மா, போனில சேவ் எண்டா மகன்ட நம்பர் அழியாமக் காக்கிற. வாகனத்தில எழுதினது பிள்ளையளக் காக்கிற. கூட்டத்தில சொன்னது காசக் காக்கிற. எல்லாம் காக்கிறதுதான்.”

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப என்னையும் கொஞ்சம் சேவ் பண்ணத்தான் வேணும் போல. நாளைக்கு அந்தப் பிரஷர் குளிசையப் போய் எடுத்திட்டு வாறன். பஸ் காசு மிச்சம் எண்டு ரெண்டு கிளினிக் போகல்ல” என்றார்.

நாம் எல்லோரும் சிரித்தோம். ஆனால் திங்கட்கிழமை காலை அவர் பஸ்ஸுக்கு நின்றதைக் கண்டவர்கள் உண்டு.

பயிற்சி: இம்மாதம் உங்கள் வீட்டில் ‘சேவ்’ என்ற சொல் எங்கெங்கே எழுதியிருக்கிறது என்று பிள்ளைகளோடு சேர்ந்து தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றும் எதைக் காக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். கடைசி வரியில் உங்கள் பெயரையும் எழுத மறக்க வேண்டாம்.

அடுத்த மாதச் சொல்: ‘லோன்’.